இருபத்து மூன்று இலக்குகளில் நானும் ஒருவன்

மண்ணூர்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை இருதயராஜ் அவர்களுக்கு, மைத்துனன் யேசுராஜ் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் இடது காதைத் தவிர. அதற்குள் மூன்று நாளாகக் கோலமாவு இருக்கிறது. ஓசூரில் நீங்களும் என் தங்கை ஜூலியும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரி அன்னபுஷ்பம் போனைப் பிடுங்கித் தன் முட்டிவலியைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி எங்கள் மகள் ஜெனிசுக்கு வல்லம் வடகாலில் அந்த ட்ரோன் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். பரிசோதனைப் பிரிவு. அவள் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை வெளியே போகும். முதலில் வயலுக்கு மருந்து அடிக்கிற ட்ரோன் என்றார்கள். வயல் இருந்த இடத்தில் எல்லாம் கம்பெனி வந்துவிட்டதே, மருந்தை எங்கே அடிப்பார்கள் என்று நான்கூடக் கேட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான் சண்டைக்குப் போகிற ட்ரோனும் அங்கே செய்கிறார்கள் என்று தெரிந்தது. மேலே இருந்து பார்த்து, யார் எதிரி என்று அதுவே கண்டுபிடித்து, அவன் தலையில் மட்டும் குண்டு போடுமாம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் ஆகாதாம். "ஊரையே கொளுத்தறதுக்கு இது எவ்ளோ மேல்" என்றாள் அன்னபுஷ்பம். எனக்கும் அப்போது சரி என்றுதான் பட்டது.

போன திங்கட்கிழமை சோதனை. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் வரப்போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை. குண்டுக்குப் பதில் கோலமாவுப் பொட்டலம், எதிரிக்குப் பதில் வைக்கோல் பொம்மை. காலி மனையில் பன்னிரண்டு பொம்மைகளை நிறுத்தி, ஒன்றுக்கு இரண்டு என்று இருபத்து நான்கு பொட்டலம் கட்டிவிட்டார்கள். பொம்மைக்குச் சட்டை வேண்டுமே? ஸ்டோர் கலைமணி சிக்கனமான ஆள். பக்கத்துக் கம்பெனிகளில் கழித்துப்போட்ட சாம்பல் நிற யூனிஃபார்ம் ஒரு மூட்டை பிடித்து வந்து மாட்டிவிட்டார். அந்தச் சட்டை போட்டவன் எதிரி என்று ட்ரோனுக்கும் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. இந்த வட்டாரத்தில் அந்தச் சட்டை போடாதவன் யார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் அந்தச் சட்டைக்காரர்களோடு ஒரே பஸ்ஸில் போய்வருகிற ஜெனிசுக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குப் பார்த்து அவள் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய நான் என்ன சட்டை போட்டிருந்தேன் என்கிறீர்கள்? பிரேக் ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தபோது போட்ட அதே சாம்பல் சட்டை. ரிட்டையர் ஆகி இரண்டு வருஷமாகியும் கிழியவில்லை, கிழியாததைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அந்தக் காலி மனைக்கு எதிரே ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்தில் மதியம் இரண்டே முக்காலுக்கு இறங்கினேன். செகண்ட் ஷிப்டுக்குப் போகிற இருபத்திரண்டு பேர் முதுகில் பையோடு நின்றிருந்தார்கள். ஓரத்தில் டீ வண்டி வைத்திருக்கும் சின்னப்பொண்ணு என்கிற அம்மாவிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு நானும் நின்றேன். தலைக்கு மேல் மிக்சி ஓடுகிற மாதிரி சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் தோளில் பொத்தென்று விழுந்து உடைந்தது. கண், காது, டீ எல்லாம் வெள்ளை. "டேய், குண்டு போட்றானுங்கடா, ஓடுங்கடா!" என்று யாரோ கத்த, ஒருவன் கால்வாயில் குதித்தான், ஒருவன் என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு அம்மா அம்மா என்று அழுதான், வந்துகொண்டிருந்த பஸ் டிரைவர் வெள்ளை வெளேரென்று ஒரு கும்பல் ஓடிவருவதைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். இருபத்து மூன்று பொட்டலம் இருபத்து மூன்று பேர் மேல் விழுந்தது. இருபத்து நான்காவது டீ பாய்லரில் பட்டு வண்டி சாய்ந்தது. சின்னப்பொண்ணுக்குக் காலில் லேசாக வெந்நீர் பட்டதாம், கம்பெனி நர்ஸ் களிம்பு தடவி அனுப்பிவிட்டாராம். மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. வைக்கோல் பொம்மைகள் பன்னிரண்டும் ஒரு சிட்டிகை மாவுகூடப் படாமல் அப்படியே நின்றன.

உங்கள் பழைய சிநேகிதர் மேனேஜர் இராமச்சந்திரன் என்னை உள்ளே கூப்பிட்டு, துண்டு கொடுத்து, பிஸ்கட்டும் கொடுத்தார். நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. முகமெல்லாம் சிரிப்பு.

"பன்னெண்டு அடிக்கணும்னு பிளான் சார். இருபத்தி மூணு அடிச்சிருக்கு. நூத்தித் தொண்ணூறு பர்சென்ட்டுக்கு மேல சக்சஸ்!"

"பொம்மை மேல ஒண்ணுகூட விழலியே சார்?"

"பொம்மை அசையல சார். அசையறதுதான் எதிரின்னு மிஷின் எடுத்துகிச்சு. அது புத்திசாலித்தனம்தானே?"

அறிக்கையைக் காட்டினார். பொதுமக்கள் பாதிப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அச்சடித்திருந்தது. எப்படி என்று கேட்டேன்.

"அடிபட்டவங்க எல்லாரும் அந்தச் சட்டதானே சார் போட்டிருந்தாங்க? அந்தச் சட்ட போட்டா இலக்கு. இலக்கு எப்படி சார் பொதுமக்கள் ஆவும்?"

"அப்போ நானு?"

"நீங்களும் இலக்குதான் சார்" என்று என் தோளில் இருந்த மாவை அன்பாகத் தட்டிவிட்டார்.

இப்போது பிரச்சினை, ஜெனிஸ் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாள். வருகிற புதன்கிழமைக்குள் போட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மூன்று நாளாகச் சண்டை. "கையெழுத்துதான, போட்டுட்டுப் போயேண்டி! தை மாசம் கல்யாணத்த வச்சிகினு வேலை போச்சுன்னா மாப்ள வூட்ல இன்னா சொல்றது?" என்று அன்னபுஷ்பம் கத்துகிறாள். ஜெனிசோ என்னைப் பார்த்து, "அந்தச் சட்ட போட்டவன் எதிரின்னு மிஷினுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தாம்பா. இதுல கையெழுத்தும் போட்டன்னா, நாளைக்கு எந்த ஊரு பஸ் ஸ்டாப்புலயோ மேலருந்து மாவா வுழும்?" என்கிறாள். பத்தாயிரத்தில் ஒரு பிரேக் ஷூ கோணியிருந்தால் லைனை நிறுத்தி, பெட்டிக்குச் சிவப்பு டேக் கட்டியவன் நான். எங்கள் பொருள் கெட்டுப்போனால் வாங்கியவன் திருப்பி அனுப்புவான், திட்டி நாலு பக்கம் மெயில் போடுவான். இவர்கள் பொருள் தப்பான தலையில் விழுந்தால் திருப்பி அனுப்ப அங்கே யார் இருப்பார்கள்? இதை வாய்விட்டுக் கேட்டால் மகள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று ஆகிவிடும், அதனால் கேட்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, தயவுசெய்து நீங்கள் அவளிடம் பேசுங்கள். மாமா சொன்னால் கேட்பாள். வெறும் கோலமாவு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள் என்று சொல்லுங்கள். இராமச்சந்திரனுக்கும் ஒரு போன் போட்டு, சின்னப் பெண், தெரியாமல் முரண்டு பிடிக்கிறாள் என்று சமாதானம் சொல்லுங்கள். உங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன்.

ஜூலிக்கு அண்ணனின் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் கர்த்தருடைய சமாதானம் தங்கியிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
ம. யேசுராஜ்

பி.கு.: இன்று சனிக்கிழமை. தபாலில் போடுவதற்கு முன்னால், டீக்குக் கொடுக்காமல் ஓடிவந்தது உறுத்தியதால், நேற்று சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். லேசாக என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். முட்டியிலிருந்து பாதம் வரைக்கும் கட்டு. காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. "அண்ணாத்த, எத்தினி பேரு அடிபட்டாங்கன்னு கம்பெனில எழுதிகினாங்களாமே, என்னிய எதுல எழுதிக்கீறாங்க?" என்று கேட்டது அந்த அம்மா. அறிக்கை எனக்கு மனப்பாடம். கடைசி வரியில் 'வாகனம் ஒன்று, சேதம்' என்று இருக்கிறது. உன் வண்டியை எழுதியிருக்கிறார்கள் அம்மா என்றேன். "நான் அதும் பக்கத்துலதான அண்ணாத்த நின்னுகினு இருந்தேன்?" என்றது. அந்த அம்மா கட்டியிருந்தது புடவை, மாப்பிள்ளை. சாம்பல் சட்டை இல்லை.

ரிட்டையர் ஆன அன்று மேசை டிராயரிலிருந்து எடுத்துவந்த சிவப்பு டேக் ஒன்று என் பைபிளில் அடையாளத்துக்கு இருந்தது. நேற்று சாயந்திரம் அதில் 'ரிஜெக்ட். காரணம்: சின்னப்பொண்ணு, வலது கால்' என்று எழுதி, பழைய பழக்கத்தில் கையெழுத்தும் போட்டு, ஜெனிஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த அறிக்கையில் கட்டிவிட்டேன். அவள் படித்துப் பார்த்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதி, இன்று காலை அதே ஷிப்ட் பஸ்ஸில் கொண்டு போயிருக்கிறாள். அன்னபுஷ்பத்துக்கு இன்னும் தெரியாது. இராமச்சந்திரனுக்கு நீங்கள் போன் போட வேண்டாம். ஓசூர் பக்கம் பிரேக் ஷூ கம்பெனி எதிலாவது ஆள் எடுத்தால் மட்டும் சொல்லுங்கள்.