இறக்கம் வந்தால் சொல்லுங்கள்

மாலை ஆறு நாற்பதுக்குக் காரில் ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது, என் மகளைக் காணவில்லை. எதை நினைத்துப் பயப்படுவது என்று தெரியாமல் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் இறக்கம் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சென்னை தட்டையான ஊர் என்று பூகோளப் புத்தகம் சொல்கிறது. அதை நம்பாத ஒரே மனிதர் இறக்கம் சார்தான். பூந்தமல்லிக்கும் வண்டலூருக்கும் நடுவே எங்கெல்லாம் பூமி அரை அடி தாழ்கிறது என்று அவருக்குத் தெரியும். நமக்குச் சாலையாகத் தெரிவது அவருக்கு மலைத்தொடராகத் தெரிந்தது. இத்தனைக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். வயலுக்கு நடுவே பிறந்து, கல்லூரிக்குப் போகும் வரை மேடு என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

பாரிவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் அவர் இரண்டாவது மாடி, நான் முதல் மாடி. இருவருக்கும் வேலை கேளம்பாக்கம் சாலையில், அடுத்தடுத்த கட்டடங்களில். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. பத்து வருடம் பெட்ரோல் காரில் போய்க்கொண்டிருந்தவர் ஒரு நாள் திடீரென்று மின்சாரக் காருக்கு மாறினார். மாறிய ஒரு வாரத்தில் அவருக்கு ஒரு பெரிய உண்மை தெரியவந்தது. இந்த வண்டி இறக்கத்தில் போகும்போது சார்ஜ் செலவாகாது, கொஞ்சம் திரும்பி ஏறும். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்துபோயிற்று.

அந்தக் காரில்தான் மூன்று பேர் ஆபீஸ் போவோம். முன் சீட்டில் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் பிரபு. முப்பது வயது, ஒரத்தநாட்டுப் பையன். கேட்டைத் தாண்டியதும் தூங்கி, ஆபீஸ் வாசலில் விழிப்பான். பின் சீட்டில் நான். இறக்கம் சாருக்கு வழியில் ஒரு மேம்பாலம் தென்பட்டால் போதும், கீழே காலியாகச் சாலை கிடந்தாலும் மேலே ஏறுவார்.

"ஏறும்போது சார்ஜ் செலவாகாதா சார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆகும்."

"இறங்கும்போது அதைவிட அதிகமா வருமா?"

"வராது. கம்மியாத்தான் வரும்."

"அப்புறம் எதுக்கு சார் ஏறணும்?"

கண்ணாடியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கொஞ்சமாவது திரும்பி வருதே மேடம். வேற எதுல வருது, சொல்லுங்க?"

நாற்பத்தேழு வயதுக்காரியிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

அவருடைய பெயரால் வந்த குழப்பமும் உண்டு. பேச்சில் பெரிய 'ற'வுக்கும் சின்ன 'ர'வுக்கும் எங்கள் பக்கத்தில் யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. குடியிருப்புக் காவலாளி அவருடைய பெயர் இரக்கம் என்றே நம்பிவிட்டார். அன்னதானம், கும்பாபிஷேகம், கபடிப் போட்டி என்று யார் ரசீதுப் புத்தகத்தோடு வந்தாலும், "இரக்கம் சார் ஊடு மேல கீது, நேரா போ நைனா" என்று ஏற்றிவிடுவார். வந்தவர்களுக்கு இறக்கம் சார் மோர் கொடுத்து, பிரேக்கை எப்படி மிதிக்காமல் ஓட்டுவது என்று ஒரு மணி நேரம் விளக்குவார். அப்புறம் அவர்கள் வரவே மாட்டார்கள்.

சார்ஜ் போடும் கம்பி அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தொங்கும். வண்டி குடித்துக்கொண்டிருக்கும்போது மிக்ஸி போட்டால் ஃபியூஸ் போய்விடும். இட்லிக்கு வேண்டிய சட்னியை அவர் மனைவி விஜி முந்தின நாள் சாயங்காலமே அரைத்து வைத்துவிட வேண்டும். "கல்யாணத்தப்ப ஜாதகம் பார்த்தாங்க மேடம். எத்தனை ஆம்பியர்னு ஒருத்தரும் பார்க்கல," என்பார் விஜி. விஜி மட்டும் தன் பெட்ரோல் ஸ்கூட்டரை விடவேயில்லை.

எடை விஷயத்தில் இறக்கம் சார் கறார். என்னுடைய மூன்றடுக்கு கேரியரைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரசம் அவசியமா மேடம்?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து இரண்டடுக்கு. மழை பெய்தால் எங்கள் குடைகளைக் கேட்டிலேயே உதறச் சொல்வார், தண்ணீருக்கும் எடை உண்டாம். சித்திரை மாதத்தில் ஏசி போடுவதற்குப் பதில் ஆளுக்கொரு பனையோலை விசிறி கொடுத்தார். தூங்குகிற பிரபுவுக்கும் சேர்த்து நான்தான் வீசினேன்.

ஹாரன் அடிக்க மாட்டார், அதற்கும் சார்ஜ் போகுமாம். காரில் சத்தமும் கிடையாது. பாரிவாக்கம் திருப்பத்தில் நடுச்சாலையில் படுத்திருக்கும் நாய்கள் ஒரு காதைக்கூடத் தூக்காது. இவர் இறங்கிப் போய் ஒரு நாயின் பக்கத்தில் குனிந்து, "கொஞ்சம் தள்ளிப் படும்மா," என்பார். அதற்கும் மசியாவிட்டால் ஒரு பிஸ்கட். ஒரே மாதத்தில் அந்தப் பக்கத்து நாய்கள் அத்தனையும் எங்கள் கார் வருகிற நேரம் பார்த்து வரிசையாகச் சாலையில் வந்து படுக்க ஆரம்பித்தன.

இவ்வளவையும் எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள் என்று கேட்பீர்கள். அந்தக் காலை நேரத்தை நீங்கள் பார்த்ததில்லை. வெளிவட்டச் சாலையில் ஏறியதும் உலகத்தை யாரோ ஊமையாக்கிவிட்ட மாதிரி இருக்கும். இன்ஜின் கிடையாது, அதிர்வு கிடையாது. இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீர், அதன் மேல் ஆவி மாதிரிப் பனி, கோரைக்கு நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டு வெள்ளைக் கொக்குகள். நாங்கள் போகிறோமா, நிற்கிறோமா, ஏரிதான் எங்களைக் கடந்து போகிறதா என்று சந்தேகம் வரும். சில நாள் நான் விழித்திருக்கிறேனா என்றே தெரியாது.

அந்த அமைதியில் ஒரு சிக்கல் இருந்தது. மனசுக்குள் ஓடுவதெல்லாம் வெளியே வந்துவிடும். என் கணவருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மகள் நிவேதா பிளஸ் டூ. ஆகவே எனக்குக் கவலைக்குப் பஞ்சமில்லை. கெமிஸ்ட்ரி டியூஷன் மாற்றலாமா, இரவு சாப்பாட்டைக் குறைத்துவிட்டாளே, முடி ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவேன். இறக்கம் சார் "உம்" கொட்டுவார்.

ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நேத்து நீங்க பாப்பாவுக்குத் தலைவலின்னு சொன்னீங்க. ரெண்டு பர்சென்ட் போச்சு."

"தலைவலிக்கும் சார்ஜுக்கும் என்ன சார்?"

"நீங்க கவலையாச் சொன்னா என் கால் தன்னால அழுத்துது. நான் ரொம்ப நாளா கவனிச்சிட்டு வரேன். நீங்க சொல்ல வேணாம்னு சொல்லல. இறக்கத்துல சொல்லுங்க. அங்க நான் அழுத்தினாலும் ஒண்ணும் ஆகாது."

பிரபு கண்ணைத் திறக்காமலே, "நியாயமாத்தான் இருக்குக்கா," என்றான்.

அப்படியாக என் கவலைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பாலத்தின் உச்சியில் வண்டி ஏறி நிற்கும், வானம் கண்ணாடி முழுக்க நிறையும். இறக்கம் சார், "ம், சொல்லுங்க," என்பார். சறுக்கிக்கொண்டு இறங்குகிற அந்த அரை நிமிடத்துக்குள் நான் கொட்டித் தீர்க்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகியது. அடுத்த பாலம் வரை பொத்தி வைத்திருந்தால் பாதிக் கவலை சொல்வதற்கே லாயக்கில்லாமல் போய்விடுகிறது. மிச்சத்தைச் சொல்லிவிட்டு, இறகு மாதிரிக் கீழே வந்து சேருவேன். அவர் ஒரு யோசனையும் சொன்னதில்லை. டிஸ்ப்ளேயில் எண் ஏறியதா என்றுதான் பார்ப்பார். இந்த மனிதர் எதையும் காதில் வாங்கிக்கொள்வதில்லை, அதனால் என்ன, சொல்ல ஒரு இடம் கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

இனி அந்த ஆடி மாதத்துச் சாயங்காலம்.

முந்தின நாளிலிருந்து குடியிருப்பில் கரண்ட் இல்லை. சார்ஜ் முழுசாக ஏறவில்லை, எதிர்க்காற்று வேறு. மெதுவாகப் போனால் ஒன்பது சதவீதத்தில் வீடு சேரலாம் என்று கணக்குப் போட்டு, இறக்கம் சார் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். மேற்கே வானம் செக்கச்செவேல் என்று கிடந்தது. அப்போதுதான் டியூஷன் டீச்சர் கூப்பிட்டார். "நிவேதா இன்னைக்கு வரலையே மேடம், உடம்பு சரியில்லையா?"

அன்று பள்ளியில் பிசிக்ஸ் மாதத் தேர்வுத் தாள் கொடுக்கிற நாள். பள்ளி கரையான்சாவடியில், டியூஷன் அதற்கு அடுத்த தெரு. நடந்தே போய்விடுவாள். அவள் போனுக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், எங்கள் கதவு பூட்டியிருக்கிறது என்றார். செய்தித்தாளில் இதுவரை படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது.

இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சாலை சமதரையாக இருந்தது, அதுதான் காரணம். பழக்கம் அப்படி ஊறிவிட்டது. பாலம் எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடியில் அவர் என் முகத்தைப் பார்த்தார். "மேடம், என்ன?"

"பாலம் வரலையே சார்."

"பாலம் கிடக்குது. சொல்லுங்க."

சொன்னேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய்ச் சற்றுத் தள்ளி நின்று போனில் யாரிடமோ பேசினார். காற்றில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார், அழுத்தினார். அந்தக் கார் அப்படியெல்லாம் ஓடும் என்று அதற்கே தெரிந்திருக்காது. சாலை வரலாற்றில் முதல் முறையாகப் பிரபு நடுவழியில் விழித்து, "என்னக்கா, ஊர் வந்துடுச்சா?" என்றான்.

"சார், மெதுவா போனாத்தான் வீடு சேரும்னு சொன்னீங்களே," என்றேன்.

"தெரியும் மேடம். கால் கேட்கமாட்டேங்குது."

எட்டு, ஆறு, மூன்று. நான் எண்ணைப் பார்க்கவில்லை, பிரபுதான் ஜோசியக்காரன் மாதிரி வாசித்துக்கொண்டு வந்தான். பாரிவாக்கத்துக்கு இறங்கும் சர்வீஸ் ரோட்டில் திரும்பியதும் பூஜ்யம். கார் நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது. பேச்சுக்கு நடுவே ஒருவர் கண்ணயர்ந்துபோகிற மாதிரி மெல்ல மெல்லத் தேய்ந்து ஓய்ந்தது. இருட்டுகிற வயல், தவளைச் சத்தம். அதுவரை நிவேதா நம்பருக்கு எத்தனை முறை அடித்தேன் என்று தெரியாது. அடித்துக்கொண்டேயிருந்தேன்.

இறக்கம் சார் தன் போனைத் தட்டிப் பார்த்தார். அதுவும் செத்திருந்தது. காரில் போனுக்குச் சார்ஜ் போடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானை ஒன்று பின்னால் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"இன்னா அண்ணாத்தே, வண்டி மக்கர் பண்ணுதா?"

"சார்ஜ் தீர்ந்துபோச்சுப்பா."

"கரண்டு வண்டியா? ஒரு கம்பம் ஓரமா நிறுத்திருந்தா கொக்கி போட்டுகினு இருக்கலாமே. சரி, கயிறு கீது, கட்டி இய்த்துகினு போலாமா?"

"இழுக்கக் கூடாதுப்பா. மோட்டார் கெட்டுடும்."

"இய்க்கக் கூடாது, அதுவாவும் ஓடாது. புது மாப்ள மாதிரி கீதே."

பிரபு சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. "என் பொண்ணைக் காணோங்க. என்னைக் கரையான்சாவடியில விட முடியுமா?" என்றேன். அந்த மனிதரின் முகம் மாறியது. பக்கத்து சீட்டிலிருந்த துணிமூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டார். "ஏறுமா. மெட்ராஸ் பூரா தேடணும்னாலும் தேடலாம், ஏறு."

ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டேன். அப்போது எதிரே ஒற்றை விளக்கு வந்தது. பெட்ரோல் வாசனை, தடதடவென்று சத்தம். அவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை. விஜி ஸ்கூட்டரை நிறுத்தினார். பின்னால் பள்ளிப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு என் மகள்.

அவளை என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. அழுதேன் என்று பிரபு சொல்கிறான், அறைந்தேன் என்று நிவேதா சொல்கிறாள். இரண்டும் நடந்திருக்கலாம்.

"ஐயப்பன்தாங்கல் டெப்போ பெஞ்சுல உட்கார்ந்திருந்தா மேடம்," என்றார் விஜி. "போன் செத்துப்போச்சாம். மனசு சரியில்லன்னா ஜன்னல் சீட்டைப் பிடிச்சு, பஸ் போற வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவாளாமே? ஒன்பதாவது படிக்கிறப்ப ஒரு தடவை அப்படித்தான் போனாளாம். இவரு போன்ல அதைச் சொல்லி, முதல்ல டெப்போவுக்குப் போன்னாரு. அவளை ஏத்திக்கிட்டு உங்க ரெண்டு பேருக்கும் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன், போகவேயில்ல. வீட்டுல காரையும் காணோம். இவரு எங்கயாவது நின்னுபோயிருப்பாருன்னு இந்த ரோட்டைப் பிடிச்சு வந்தோம்."

நான் அதைச் சொன்னதே எனக்கு நினைவில்லை. எப்போதோ ஒரு சரிவில், சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். அவருக்கு நினைவிருந்தது.

நிவேதா என்னைத் தாண்டி, சாலையோரத் தடுப்பில் உட்கார்ந்திருந்த அவரிடம் போய் நின்றாள். பையிலிருந்து கசங்கிய பிசிக்ஸ் தாளை எடுத்து நீட்டினாள்.

"மின்கலம் பத்தின கேள்வி எல்லாமே தப்பு அங்கிள்."

அவர் தாளை ஸ்கூட்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கும் இன்னைக்கு அதுலதாம்மா ஃபெயில்," என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். குட்டியானைக்காரர், "அப்ப நான் வர்ட்டா," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஒரு தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

விஜி என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

"மேடம், இனிமே எப்பவாவது ஒரு நல்ல சேதியும் சொல்லுங்க. உங்க பொண்ணைப் பத்திக் கேட்டுட்டு வந்து, இவரு ராத்திரி தூங்குறதேயில்ல."