குப்பைக்குழியில் கிடைத்த மிக்கேல் சம்மனசு

"பெட்டிய மேச மேல வச்சிருக்கணுமாம். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு. தொரையே வர்றாரு."

தோட்டத் துரையின் பங்களாவில் சமையல் பார்க்கும் மூக்கன் இதைச் சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான். கஸ்பருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எந்தப் பெட்டிங்க?" என்றாள் மனைவி சிசிலி.

"நம்மகிட்ட என்ன பத்துப் பெட்டியா இருக்கு? அந்தப் பெட்டிதான்."

சிசிலி அடுப்பை விட்டு எழுந்தாள். "ஐயோ, மாதாவே!"

எண்பத்தொன்றில் கினிகத்தேனையிலிருந்து டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுக்கும் வேலைக்கு வந்தபோது, கஸ்பருக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது. மழையோ ஓயாத மழை. பேச ஆளில்லாமல் தராசோடு பேசிக்கொண்டிருந்த அந்த நாளில்தான், பங்களாக் குப்பைக்குழி ஓரத்தில் ஒரு பெட்டி கிடந்தது. மேலே நனையாமல் ஒரு சாக்கு. உள்ளே ஓர் இங்கிலீஷ் புத்தகம், ஆறு ஈயப் பொம்மைகள், நாலு முகம் முதல் இருபது முகம் வரை தினுசு தினுசாகப் பகடைகள்.

கஸ்பர் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினான். மேசையைச் சுற்றி உட்கார வேண்டும்; ஆளுக்கொரு வேறு ஆளாக மாற வேண்டும்; ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் புகுந்து நடக்க வேண்டும்; பிழைப்பதா சாவதா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். புத்தகத்தில் நெருப்புக் கக்கும் பாம்பு இருந்த இடத்தில் கஸ்பர் சிறுத்தையைப் போட்டான். தங்கப் புதையல் இருந்த இடத்தில் ஜனங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் புதுக் கூரைத் தகரம். தோட்டத்து ஜனம் அதற்கு 'ஆள்மாறி' என்று பேர் வைத்தது.

முதல் மாதம் மூன்று பேர். ஆறாம் மாதம் ஆட்டம் நடக்கும் தொழிலாளர் கிளப்புக்குள் நிற்க இடமில்லை. "நேத்து நான் செத்துட்டேன்டி" என்று ராக்காயி கொழுந்து பறித்துக்கொண்டே சொல்வாள், "எப்புடிக்கா செத்தே?" என்று மலையே திரும்பிப் பார்க்கும். அடுத்த ஞாயிறு அவளே வேறு பேரில் உயிரோடு வந்து நிற்பாள். கொள்ளைக்காரத் தலைவியாக மாறிய சிசிலி, ஆட்டத்துக்குள் கஸ்பரைப் பிடித்து மரத்தில் கட்டிப்போட்டாள். கட்டியவள் அவிழ்க்கவே இல்லை. அடுத்த தை மாதம் கோயிலில் தாலி ஏறியது.

இதையெல்லாம் நினைத்து நினைத்து கஸ்பருக்கு நெஞ்சு நிறைந்துபோகும். யார் கை தவறிக் குப்பையில் சேர்ந்ததோ, அந்தக் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஞாயிறு தவறாமல் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவான்.

ஒரே ஒரு பயம்தான். பங்களாக் குப்பையும் பங்களாச் சொத்து. பழைய துரை காலத்தில் வெறும் போத்தல் ஒன்றை எடுத்தவனுக்கே பத்துச்சீட்டைக் கொடுத்து, வேலையை விட்டு விரட்டியிருக்கிறார்கள். இப்போதைய துரை, கஸ்பர் வந்த அதே வருஷம் கொழும்பிலிருந்து தனிக்கட்டையாக வந்தவர், அதிகம் பேசாதவர். ஞாயிறு மூன்று மணி ஆனால் நாயைக் கூட்டிக்கொண்டு கிளப்பைத் தாண்டி மெதுவாக நடந்து போவார். அவர் தலை தெரிந்ததும் ஆட்டத்தின்மேல் அதே சாக்கைப் போட்டு மூடிவிட்டு, எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அவர் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார், பிறகு போய்விடுவார்.

போன வருஷம் கிளப்புக்கு டிவி வந்தது. கார் பேட்டரியில் ஓடும் டிவி. அதோடு சரி. முப்பது பேர் பத்தாகி, பத்து மூன்றாகி, கடைசியில் ஆள்மாறி ஆட ஆளே இல்லை. இரண்டு பொம்மையையும் இருபது முகப் பகடையையும் ஆளுக்கொன்றாக எடுத்துப்போனார்கள். கஸ்பரும் தடுக்கவில்லை.

இப்போது துரை பெட்டியைக் கேட்கிறார். பெட்டியில் இருப்பதோ நாலு பொம்மை, குறைப் பகடை.

வெள்ளிக்கிழமை மார்கிரட் வீட்டுக்கு ஓடினான்.

"அக்கா, அந்தச் செறகு வச்ச பொம்மைய ரெண்டு நாளைக்குக் குடுங்க."

"பொம்மையா? வாய கழுவு தம்பி! மிக்கேல் சம்மனசு அவரு, தேவதூதரு. எம் மக காய்ச்சலு இவருகிட்ட வேண்டித்தான் எறங்குச்சு." பீடத்தில் பூமாலைக்குள் ஈயச் சம்மனசு வாளோடு நின்றார். "எடுத்தா பீடம் வெறிச்சோடிப் போயிருமே?"

வேறு வழியில்லாமல் தன் வீட்டு அந்தோனியாரை அங்கே குடிவைத்துவிட்டு, சம்மனசைக் கூட்டிவந்தான்.

"எங்க ஆத்தா சீரா குடுத்த அந்தோனியாரயா?" என்று சிசிலி கரண்டியைத் தூக்கினாள். அன்று இரவு கஸ்பருக்குச் சோறு இல்லை.

சனிக்கிழமை ஐந்தாம் நம்பர் மலைக்கு ஏறினான். அங்கே கோடாலி பிடித்த தாடிக்காரப் பொம்மை முனியாண்டியாகி, மஞ்சளும் குங்குமமும் அப்பி, எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தது. பூசாரி அழகன் ரொம்ப யோசித்தார்.

"சாமி எறங்கி வரணும்னா ஒரு சேவலு வேணும்பா."

சிசிலி வளர்த்த சேவல் போயிற்று. குங்குமத்தைப் போக்க மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான் கஸ்பர். குங்குமத்தோடு முனியாண்டியின் கண்ணும் மூக்கும் தாடியும் சேர்ந்து போய்விட்டன.

இனி இருபது முகப் பகடை. அது ராக்காயியிடம்.

"அதுவா தம்பி? அத எங்க ஆடு தின்னுருச்சு."

"ஆடு எங்கக்கா?"

"ஆட்டத் தீவாளிக்கு நாம தின்னுட்டோமே! நீகூட ரெண்டு எலும்பு கடிச்சியே."

கடைசியில் துணி வெளுக்கும் சவுக்காரக் கட்டியைச் செதுக்கி இருபது முகம் செய்தான். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது. இன்னொரு முகம் செதுக்கினால் பதினெட்டாகிறது. போதும்டா சாமி என்று பெட்டியில் வைத்தான்.

ஞாயிறு மூன்று மணி. கொட்டுகிற மழையில் துரை வந்தார். பின்னால் குடையோடு மூக்கன். அவனுக்குப் பின்னால் நாய். டிவியை அணைத்துவிட்டு எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

துரை பெட்டியைத் திறந்தார். முகமில்லாத முனியாண்டியை எடுத்துப் பார்த்தார். சம்மனசின் கழுத்து மாலையை மெதுவாகத் தொட்டார். பிறகு ஈரக் கையில் பகடையை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக் குலுக்கினார்.

குலுக்கக் குலுக்க நுரை வந்தது. விரலிடுக்கெல்லாம் வெள்ளை நுரை வழிந்து மேசையில் சொட்டியது.

கஸ்பருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"தொர, நான் எடுத்தது குத்தம்தாங்க. என்ன தண்டன வேணும்னாலும் குடுங்க. ஆனா மன்னிப்புக் கேக்குறதுக்கு முன்னால நான் நன்றி சொல்லணும். ஒரு மனுசரத் தெரியாம இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். எனக்குக் கூட்டாளி, சொந்தம், பொஞ்சாதி, எல்லாமே இந்தப் பெட்டி குடுத்ததுங்க. இத யாரு தொலைச்சாங்களோ, அவங்கள நெனச்சு அஞ்சு வருசமா மெழுகுதிரி ஏத்துறேன். வேல போனாலும் ஏத்துவேன்."

சிசிலி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சேவல் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நுரைக் கையோடு கண்ணைத் துடைக்கப் போய், சவுக்காரம் கண்ணில் பட்டு, "அம்மே!" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு வெளியே தண்ணீர் கொட்டும் பீலிக்கு ஓடினார்.

கஸ்பர் மூக்கன் கையைப் பிடித்தான்.

"அண்ணே, பத்துச்சீட்டு இன்னைக்கேவா, நாளைக்கா?"

மூக்கன் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டான்.

"சீட்டா? அடப் பாவி மனுசா! அந்தப் பெட்டிய நனையாம சாக்குப் போத்தி, ஒங் கண்ணுல படுற மாதிரி குழி ஓரத்துல வைக்கச் சொன்னதே தொரதான்; ஆட்டத்துக்குக் கூப்புடுவீங்க, கூப்புடுவீங்கன்னு அஞ்சு வருசமா ஞாயிறு தவறாம இந்த நாய இழுத்துக்கிட்டு வந்தாரு. ஆட்டமே நின்னுபோச்சுன்னதும்தான் தானே ஆட வந்துட்டாரு. இந்த நாய்க்கு நடக்கவே புடிக்காது!"