ஞாயிறு மட்டும் மாணவன்

ஐம்பது வயதில் பட்டப்படிப்பில் சேர்வது என்று முடிவு செய்தேன். அறிவுத் தாகம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தேன். உண்மைக் காரணம் என் மாமியார் இர்மா. எங்கள் உருகுவே தலைநகர் மாண்டிவிடியோவில் ஞாயிறு மதியம் என்றால் மாமியார் வீட்டு ரவியோலி என்னும் இத்தாலியக் கொழுக்கட்டைதான். ரவியோலியைக் குறை சொல்ல மாட்டேன். கூடவே பரிமாறப்படும் என் குறைகளைத்தான் விழுங்க முடியவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. வயது வரம்பு இல்லை. எத்தனை முறை தோற்றாலும் மறுபடி எழுதலாம். ஆகவே, தோற்றுக்கொண்டிருக்கும் வரை நான் மாணவன். மாணவன் ஞாயிற்றுக்கிழமை படித்தாக வேண்டும். தர்க்கத்தில் ஓட்டை எங்கே? தகவல் மற்றும் தொடர்பியல் துறையைத் தேர்ந்தெடுத்தேன். இல்லறத்தில் தகவல் எல்லாம் மனைவியிடமிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. தொடர்புதான் எனக்குப் பிடிபடவில்லை.

"அம்மா வீட்டுக்குக் கெளம்பலையா?" என்பாள் என் மனைவி நிபியா, வெந்நீர் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கி, மாத்தே என்னும் மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி.

"பரீட்சை வருது."

"எதுல?"

"தொடர்பியல் கோட்பாடு."

"போன மூணு வருஷமும் அதேதானே?"

"ஆழமான பாடம், நிபியா."

"ஆழம் இருக்கட்டும். நீங்க மெதக்கறீங்களா, முழுகறீங்களா?"

"சொன்னா உனக்குப் புரியாது. சொல்றவர் ஒருத்தர், கேக்கறவர் ஒருத்தர், நடுவுல இரைச்சல்னு ஒண்ணு."

"இரைச்சலைத் தெரியும். கட்டிக்கிட்டிருக்கேன். மத்த ரெண்டு பேரு யாரு?"

என் பாடப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொள்வாள். பஸ்ஸில் புரட்டினால் தூக்கம் வருமாம். நான் வீட்டிலேயே தூங்கினேன்.

சென்ற வெள்ளி வாய்மொழித் தேர்வு. தோற்றேன். சும்மா அல்ல, நன்றாகத் தயார் செய்துகொண்டு போய்த் தோற்றேன். திரும்பினால் வீட்டு வாசலில் கூட்டம். மாமியார் கையில் முட்டை. பக்கத்து வீட்டு ஒமார் கையில் மாவுப் பொட்டலம். பட்டம் முடித்தவர் தலையில் முட்டை உடைத்து மாவு கொட்டுவது எங்கள் ஊர் மரியாதை.

தோற்றது நான்தானே? பேராசிரியை இரக்கப்பட்டுவிட்டாரா? ஒரு பாடத்துக்கு முழுப் பட்டமா? என்னைத் தொலைத்தால் போதும் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டார்களோ? என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இருந்தாலும் மரியாதை மரியாதைதான். கண்ணாடியைக் கழற்றினேன். கண்ணை மூடி நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை, குறி தவறுது" என்றார் மாமியார்.

முட்டை என் காதோரமாகப் பறந்தது. பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நிபியாவின் நெற்றியில் உடைந்தது. கைதட்டல்.

"நீயா? நீ எப்போ சேந்தே?"

"நீங்க சேந்த அன்னிக்கே. பக்கத்து வரிசைல நின்னேன். நீங்க நிமிந்து பாக்கலை."

"எப்போ படிச்சே?"

"ஞாயித்துக்கிழமை, அம்மா வீட்டுல. நீங்க இல்லாம அமைதியா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வாராவாரம் கெளம்பலையான்னு கேட்டே?"

"கேட்டாத்தானே வரமாட்டீங்க."

மாவு கொட்டியது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கனிவாகப் பார்த்தாள். "தேர்வு என்னாச்சு?"

"போச்சு" என்றேன்.

"கவலைப்படாதீங்க. நான் சொல்லித் தரேன்."

இப்போது நிபியா எனக்குத் தொடர்பியல் கோட்பாடு நடத்துகிறாள். ஞாயிறுதோறும், மதியச் சாப்பாட்டோடு, மாமியார் வீட்டில்.