தென்னேரி வளைகாப்புக்குப் போன ஜப்பான் சிவப்பு

உத்திரமேரூர் பஸ் நிலையம்,
வெள்ளிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் புருஷோத்தமன் அவர்களுக்கு முத்துவேல் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமில்லை. அங்கு உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா என்று எத்தனையோ கடிதங்களில் சம்பிரதாயத்துக்குக் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் உண்மையாகவே பதில் தெரிய வேண்டியிருக்கிறது.

முதலில் விஷயம். இன்று உங்கள் மகள் கீதாவின் வளைகாப்புக்கு என் மனைவியும் உங்கள் தங்கையுமான அம்முலு ஒரு வெள்ளிச் சிமிழில் குங்குமம் கொண்டுவந்திருப்பாள். அது குங்குமம் இல்லை. அதைக் கீதாவின் நெற்றியில் யாரும் வைக்கக் கூடாது. தொட்டவர்கள் உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். அது என் மகள் சுதா படம் வரைவதற்காக ஜப்பானிலிருந்து வாங்கிவந்த வண்ணப் பொடி. அதில் பாதரசம் இருக்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி கிட்டேயே போகக் கூடாத சாமான். இந்த வரிகளைப் படித்ததும் எழுந்து போய்ச் சிமிழை வாங்கி மூடி வைத்துவிட்டு வாருங்கள். பிறகு உட்கார்ந்து மீதியைப் படிக்கலாம். மீதி முழுக்க உங்களைப் பற்றித்தான்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவைத்திருப்பது உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. அம்முலுவுக்கு அடித்தேன். அவள் போன் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்து என் காதுக்குப் பக்கத்திலேயே அடித்தது. உங்கள் வீட்டம்மா சொக்கம்மாள் அக்காவுக்கு அடித்தேன். எடுத்தார்கள். பின்னால் மைக்செட்டில் நாதஸ்வரம். "அக்கா, அந்தக் குங்குமம்" என்று ஆரம்பித்தேன். "கீது, கீது, எல்லாம் கீது. நீ மொதல்ல வாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பேசுவது யார் என்று தெரிந்து அந்த 'வாப்பா'வைச் சொன்னார்களா, சமையல்காரன் என்று நினைத்துச் சொன்னார்களா என்பது தெரியாத நிலையில் அதை அழைப்பாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. கடைசியாகக் கீதாவின் போனுக்கு அடித்தேன். நீங்கள் எடுத்தீர்கள். நான் "மச்சான்" என்றேன். வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு சுதா சென்னையிலிருந்து மாற்றி மாற்றி அடிக்கிறாளாம், போன் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றே வருகிறதாம். பெண்ணைப் பெற்ற தகப்பன் விசேஷ நாளில் போனை அணைத்துவைக்கலாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, நேரில் வந்து சொல்வதுதானே என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். சுதா ஜப்பான் புறப்படுவதற்கு முன்னால் ஐயங்கார்குளத்தில் ஒரு புதுமனைப் புகுவிழா நடந்ததே, அங்கே பந்தியில் நூறு பேர் காதுபட நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பொட்டப்புள்ள பொம்ம போடறதுக்கு ஜப்பான் போவுதாம். இங்க இன்னா, சொவரு இல்லாமயா பூட்ச்சி?" என்றீர்கள். எனக்கும் வாய் இருக்கிறது. "உங்க வூட்டு சொவத்துல வரட்டிதான் தட்ட முடியும் மச்சான்" என்றேன். உடனே எச்சில் கையோடு எழுந்து நின்று, "இனிமே என் வூட்டு வாசப்படி ஏறாத" என்றீர்கள். ஏற மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். போன வாரம் வளைகாப்புக்கு அழைக்க வந்தபோதாவது அதை நீங்கள் சரிசெய்திருக்கலாம். நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். லுங்கியில் நின்றேன், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நின்றேன். தட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போய் அம்முலுவிடம் மட்டும் நீட்டிவிட்டு, திரும்பும்போதும் என்னைத் தாண்டியே போனீர்கள். வீட்டு ஆம்பிளை நிற்கும்போது அவன் பக்கம் தட்டை நீட்டாத விசேஷத்துக்கு அவன் போவதில்லை. இது நான் உண்டாக்கிய வழக்கமில்லை. எனவே நான் வரவில்லை, வர மாட்டேன். இந்தக் கடிதத்தைத் தென்னேரி வரை போகும் வண்டியின் கண்டக்டர் சாம்சனிடம் கொடுத்தனுப்புகிறேன். கண்டக்டர் வேலையை என்னிடம் பழகியவன், நம்பிக்கையான ஆள். வண்டி இன்னும் வரவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுத முடிகிறது.

நீங்கள் கிண்டல் செய்த அந்த ஜப்பான் பயணத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சுதாவை அவர்களே கூப்பிட்டார்கள். கியோட்டோ என்ற ஊருக்குப் பக்கத்தில் மரப்பட்டையை ஊறவைத்துக் காகிதம் செய்கிற ஒரு கிராமம். அங்கே தங்கி அந்தக் காகிதத்தில் படம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருநாள் வண்ணம் விற்கும் கடைக்குள் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டாள். தரையிலிருந்து கூரை வரைக்கும் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள். கல்லை அரைத்த பொடியாம். ஒரே நீலத்தில் மணல் பதத்தில் ஒன்று, ரவை பதத்தில் ஒன்று, மாவு பதத்தில் ஒன்று. நைசாக அரைக்க அரைக்க நிறம் வெளுத்துக்கொண்டே போகுமாம். கடைக்கார அம்மாள் ஒரு கரண்டி பொடியை எடுத்துத் தராசில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்தார். என் பெண்ணும் மூச்சை அடக்கிக்கொண்டாள். போனுக்கு இந்தப் பக்கம் நானும் அடக்கிக்கொண்டேன். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்திருந்தால் நீங்கள்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டீர்கள்.

ஆனால் வந்திறங்கிய பிறகுதான் பேஜார் ஆரம்பித்தது. ஃபாரின் போய் வந்தவர் வீட்டுக்குப் பெட்டி திறப்பதைப் பார்க்க நாலு பேர் வருவது ஊர் வழக்கம். வந்தவர்கள் கையில் ஒரு சோப்போ, ஒரு சென்ட்டோ, தைலமோ வைத்தால்தான் மரியாதை. சுதா பெட்டியைத் திறந்தாள். ஆட்டு மயிரில் செய்த அகலமான பிரஷ், கறுப்பு மைக்கட்டி, அதை உரைக்க ஒரு கல், காகிதச் சுருள், பாட்டில்கள். சோப்பு என்று ஒன்றுகூட இல்லை. வந்திருந்த பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அந்தக் கல்லை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "வசம்பு ஒரைக்கிற கல்ல வாங்கியாரவா அம்மாந்தொலவு போனே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்முலு அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் இன்னொரு கூத்து. வண்ணப் பொடியைக் குழைக்க ஒரு பசைக்குச்சி உண்டு. ஏதோ பிராணியின் தோலைக் காய்ச்சிச் செய்வதாம், பார்க்கப் பொன்னிறத்தில் பளபளவென்று இருக்கும். அதைக் கட்டிப் பெருங்காயம் என்று நினைத்து அம்முலு முழுக் குச்சியையும் ரசத்தில் போட்டுவிட்டாள். சூடாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஆறினதும் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. சனிக்கிழமை அசைவத்தின் பக்கம் திரும்பாதவன் நான். அது சனிக்கிழமை. அதற்குள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

அப்போதே எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டவில்லை. கண்காட்சிக்குப் படத்தைச் சட்டம் போட வேண்டும் என்று சுதா புதன்கிழமை சென்னைக்குப் போய்விட்டாள். பெட்டி கூடத்தில் கிடந்தது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கையோடு போனால் பேசுவீர்களே என்று அம்முலு பெட்டியைக் குடைந்தாள். குங்குமம் மாதிரி நிறத்தில், குங்குமத்தைவிட நைசாக, ஒரு பாட்டில் அகப்பட்டது. பெரிய சிவப்பு வாசல் ஒன்றின் முன்னால் சுதா கைகூப்பி நிற்கிற போட்டோவை அம்முலு உங்களுக்கும் காட்டியிருப்பாள். அது அந்த ஊர்க் கோயிலாம். அந்தக் கோயில் பிரசாதம்தான் இது என்று அம்முலுவே முடிவுகட்டிவிட்டாள். பாட்டில் மேல் ஜப்பான் எழுத்தில் சிவப்பாக நாலு வார்த்தை இருந்தது. அது சாமி பேராக இருக்கும் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொட்டால் ஆபத்து என்று எழுதியிருந்ததாக இன்று காலையில் சுதா சொல்லித்தான் தெரியும். அம்முலுவைச் சொல்லிக் குற்றமில்லை. நேற்று சாயங்காலம் அவள் எனக்கும் ஒரு பொட்டு வைத்தாள், நானும் பக்தியாகத்தான் நெற்றியைக் காட்டினேன். காலையிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது. பாதரசத்தாலா உங்களாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அம்முலு முதல் பஸ்ஸில் ஏறிப் போன பிறகு சுதா போன் செய்தாள். "நைனா, செவப்பு பாட்டில மட்டும் பஸ்ல குடுத்தனுப்பு" என்றாள். பெட்டியில் பார்த்தேன், பாட்டில் காலி. விஷயத்தைச் சொன்னேன். "நைனா, அது பாதரசத்துல செஞ்ச செவப்பு. நானே மூக்குல துணி கட்டிக்கினு, கையில உறை போட்டுக்கினுதான் தொடுவேன். கீதாவுக்கு வச்சிட்டாங்களா, அத்த மட்டும் சொல்லு" என்றாள். அழுதாள். அந்தச் சிவப்பு இல்லாமல் அவள் படம் முடியாது. படத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பொம்மை போடுகிற பெண்தான்.

எனவே செய்ய வேண்டியதைத் திரும்பவும் சொல்கிறேன். சிமிழைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பூஜை அறையில் இருக்கும் சாதாரணக் குங்குமத்தை எடுத்து வையுங்கள். கீதாவின் மேல் பட்டிருந்தால் உடனே கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள், வளையலைப் பிறகு போடலாம். நாலு பேர் எதிரில் அம்முலுவைத் திட்டாதீர்கள். அவள் உங்கள் வீட்டில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் அதைக் கொண்டுவந்தாள்.

கீதா பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் என் வண்டியில்தான் போனாள். கூட்டத்தில் நசுங்காமல் இருக்க என் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் நின்றுகொண்டு டிக்கெட் கிழிப்பேன். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் அவளுக்குப் பங்கு கிடையாது. அந்தப் பெண்ணுக்கு ஒன்று என்றால் என்னால் தாங்க முடியாது. தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், சுகமாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று சுந்தரவரதப் பெருமாளை வேண்டிக்கொண்டு, அவளை இங்கிருந்தபடியே ஆசீர்வதிக்கிறேன். சொக்கம்மாள் அக்காவுக்கு என் வணக்கம். உங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசப்படி ஏறாத,
முத்துவேல்

பி.கு.: சாம்சன் வண்டி பிரேக்டவுன் ஆகி வழியில் நிற்கிறதாம். அடுத்த வண்டிக்குக் காத்திருக்க மனம் கேட்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நானே வந்துவிட்டேன். வாசப்படி ஏற மாட்டேன் என்று மேலே எழுதியதில் மாற்றமில்லை, தோட்டத்துப் பக்கமாகத்தான் உள்ளே வந்தேன். சொக்கம்மாள் அக்கா சிமிழில் விரலை வைத்துவிட்டார்கள். பேசிப் புரியவைக்க நேரமில்லை. சிமிழைப் பிடுங்கினேன். அதற்குள் நீங்கள், "அழைக்கலன்னு வஞ்சம் வச்சிக்கினு விசேஷத்தக் கெடுக்க வந்தியா?" என்று கேட்டு, நாலு பேரை விட்டு என்னைத் தூக்கிவந்து இந்த நெல் மூட்டை அறையில் போட்டுப் பூட்டிவிட்டீர்கள். தூக்கிவரும்போது "வுடு நைனா, மாமா சும்மா செய்யமாட்டாரு" என்று சொன்னது கீதா ஒருத்திதான். அவள் நெற்றியில் இன்னும் படவில்லை, நான் நன்றாகப் பார்த்தேன். உள்ளிருந்து கத்திப் பார்த்தேன். நான் திட்டுகிறேன் என்று நினைத்து மைக்செட்டில் சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிட்டீர்கள். சட்டைப் பையில் இருந்த இந்தக் கடிதத்தோடு இதையும் சேர்த்து எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். சிமிழ் என் கையில்தான் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பொடி அக்காவின் விரலில் இருக்கிறது. அடுத்தது கீதாவுக்குச் சோறு ஊட்டுவார்கள். முதலில் ஓடிப்போய் அக்காவைக் கை கழுவச் சொல்லுங்கள் மச்சான். என்னை அப்புறம் திறந்துவிட்டால் போதும்.