மூணுபனைவிளை புதுத்துணி விலக்குச் சங்கம்

மனிதன் துணி உடுக்க வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எவ்வளவு புதிதாக உடுக்கலாம் என்பதில்தான் தகராறு.

எல்லாம் அந்தக் கிறிஸ்துமஸில் ஆரம்பித்தது. கொழும்பிலிருந்து வந்த சத்தியநேசன் அண்ணன் தன் பெண்டாட்டிக்கு ஒரு ஜாக்கெட் கொண்டுவந்தார். தோளுக்கொரு பலூன் வைத்த மாதிரி கை. அவள் வேதக்கோயிலுக்குள் நடந்தபோது இரண்டு பக்கமும் ஜனம் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. போதகர் அன்றைக்கு எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கையைப் பற்றிக் கேட்டால் தையல்வரைக்கும் சொல்வார்கள். பத்து நாளில் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குக் கை ஊதிவிட்டது. ஆண்களுக்குக் கொழும்புச் சட்டைமேல் ஆசை வந்துவிட்டது. கொப்பரை விலை மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

இந்த ஆபத்தை முதலில் கண்டவர் ஞானசிங் மாமா. தாலுகா கச்சேரியில் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். கச்சேரி அவரை விட்டுவிட்டது. அவர் கச்சேரியை விடவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சங்கம் இருக்கும். மதுவிலக்குச் சங்கம், மூக்குப்பொடி விலக்குச் சங்கம், வாசகசாலைச் சங்கம். எங்கள் ஊரில்தான் ஒன்றும் இல்லை, அது வெட்கம். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டி வாசித்தார்:

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஜனவரி முதல் டிசம்பர் முடிய மேற்படி ஊரார் எவரும் புதுத்துணி வாங்கவோ உடுக்கவோ கூடாது. மீறும் வீட்டுக்கு ஊர் அண்டா கிடையாது, பந்தல் கிடையாது, விசேஷத்துக்கு ஆளும் கிடையாது."

என் அம்மா நேசபாய் எழுந்தாள். "ஒரு காலத்துல நம்ம பொம்பளைய மேல்துணி உடுத்ததுக்கு அடிச்சாவ. இப்ப வாங்கக் கூடாதுன்னு நீங்க சொல்லுதிய. இதுல என்ன வித்தியாசம் அண்ணாச்சி?"

"அது ஜாதிக்காரன் போட்ட கட்டளை. இது நாமளே போட்டுக்கிட்ட தீர்மானம்" என்றார் மாமா. எல்லாரும் கைதட்டினார்கள். நாமே போட்டுக்கொண்டால் வலிக்காது போலிருக்கிறது.

மாமா தலைவர், என் அப்பா செல்வதாஸ் உபதலைவர் ஆனார். தீர்மானத்தை மீறுகிறவர்களைப் பிடிக்க இரண்டு பரிசோதகர்கள் நியமனமானார்கள். அவர்களுக்கு அடையாளமாகச் சிவப்புக் கச்சை தைக்க ஒரு முழுச் சுருள் புதுத்துணி வாங்கினார்கள்.

"இது புதுத்துணி இல்லியா?" என்று கேட்டேன்.

"சங்கத்தின் தேவைக்கு வாங்குவது துணியாகாது" என்றார் மாமா. அப்பா என்னை முறைத்தார். எனக்கு வாய் அதிகம் என்று ஏழாங்கிளாஸ் வாத்தியார் சொன்னார். அவருக்கு மூளை குறைவு என்று நான் சொன்னேன். அதோடு என் படிப்பு முடிந்தது. அதனால் சபைகளில் என் கேள்விக்கு மதிப்பில்லை.

கடைசியில் ஒருவர் கேட்டார்: "யாராவது செத்தா கோடி போடணுமே வோய்?"

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிற சொந்தக்காரர்கள் புதுத்துணி வாங்கிப்போய்ச் சவத்தின்மேல் போர்த்துவார்கள். அதுதான் கோடி. மாமா கண்ணை மூடி யோசித்தார். "இறந்தவருக்குச் சங்க விதி பொருந்தாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஊர் அழிந்தது.

மாசி மாதம் கிழக்கு வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்தாள். இருந்தவரை அவளை எட்டிப் பார்க்காதவர்கள்கூடக் கோடியோடு வந்தார்கள். மூக்கு தெரியாத அளவுக்குப் போர்த்தினார்கள். பெட்டி மூடுகிற நேரத்தில் அவரவர் துணியை அவரவர் உருவி மடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"எங்க கொண்டு போறிய?" என்று மாமா கச்சைக்காரர்களோடு மறித்தார்.

"பழைய துணிதானே அண்ணாச்சி. ஒரு ஆள் உடுத்தினது."

மாமா வானத்தைப் பார்த்தார். தலைவர் தீர்ப்பு: "ஒருவர் உடுத்திய துணி பழைய துணியே. இறந்தவரும் ஒருவரே."

அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாருக்காவது இருமல் வந்தால் துணிக்கடையில் கூட்டம் கூடியது.

இதற்கு நடுவில் என் அக்கா ஜெபகுமாரிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை குமாரதாஸ், கருங்கல் பக்கம். ஜாக்கெட் அளவு பார்க்க, மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கல்யாணச் சீலை முந்தியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மாம்பழக் கலர்ப் பட்டு. அக்கா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், உடுக்கத்தான் முடியாது. உடுத்தால் அண்டா இல்லை, பந்தல் இல்லை, ஊரில் ஒரு ஆள் வராது. உடுக்காவிட்டால் மாப்பிள்ளை இல்லை. "பழைய சீலையோட பெண்ணெடுக்கது எங்க குடும்பத்துல பழக்கமில்லை" என்று மாப்பிள்ளையின் அம்மா தெளிவாகச் சொல்லியனுப்பிவிட்டாள்.

"யாராவது செத்தா ஒரு நிமிஷம் மேல போட்டு எடுத்திரலாம்" என்றார் அப்பா.

"சவத்துமேல கிடந்த சீலைய நான் உடுக்க மாட்டேன்" என்று அக்கா அழுதாள். அழுது பிரயோஜனமில்லை. யாரும் சாகவும் இல்லை.

ஆடி மழையில் சிலுவைமுத்து பாட்டாவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்பாவுக்குத் தாய்மாமன், தனியாள், ஊரில் யாரையும் மதிக்காதவர். ஊரே திரண்டு பார்க்க வந்தது. ஒவ்வொருவர் அக்குளிலும் ஒரு பொட்டலம். நான் கஞ்சி கொண்டுபோனபோது பாட்டா கேட்டார்:

"ஏட்டி, என்னத்துக்கு எல்லாவனும் பொட்டலத்தோட வந்து என் மூக்கையே பாக்கான்?"

"மூச்சு நிக்குதான்னு பாக்காவ பாட்டா."

"நின்னா?"

"உங்கமேல துணியப் போட்டுப் போட்டு எடுப்பாவ. பழசாயிரும்."

பாட்டா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அந்தக் கோபத்தில் காய்ச்சல் இறங்கிவிட்டது. "எழவெடுத்த பயலுவ! ஒருத்தன் கஞ்சித்தண்ணி தந்தானா? நான் சாவ மாட்டேன், போய்ச் சொல்லு!"

நான் அக்கா கதையைச் சொன்னேன். பாட்டா கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்: "அப்ப செத்தவனுக்குப் புதுச்சட்டை வாங்கலாமா?"

"வாங்கலாம். விதி பொருந்தாது."

"இந்த வயசுவரைக்கும் எம் மேலுல சட்டைன்னு ஒண்ணு ஏறினதில்லை மக்கா. கொழும்புச் சட்டை கிடைக்குமின்னா நான் இண்ணைக்கே சாவேன்."

நேராக ஞானசிங் மாமா வீட்டுக்குப் போனோம்.

"ஞானசிங்கே, நான் செத்துட்டேன்" என்றார் பாட்டா.

மாமா கண்ணாடியைச் சரிசெய்தார். "எப்போ?"

"காலம்பற."

"சாட்சி உண்டா?"

"நானே சொல்லுகேன்லா, பின்ன எவன் சொல்லணும்?"

"வாஸ்தவம்" என்றார் மாமா. "இறந்தவரே நேரில் ஆஜராகிச் சொல்லும்போது சந்தேகப்பட இடமில்லை. அடக்கம் எப்போது?"

"அடக்கம் பண்ணணும்னு உங்க சங்கத்து விதியில இருக்கா?" என்று நான் கேட்டேன்.

மாமா யோசித்துப் பார்த்தார். இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் கேள்வி ஒரு சபையில் எடுபட்டது.

பாட்டா எங்கள் வீட்டில் படுத்துச் செத்தார். அக்காவின் சீலையை மேலே விரித்தோம். சரிகை மூக்கில் குத்தித் தும்மினார். பரிசோதகர் திடுக்கிட்டார். "தும்மக் கூடாதுன்னு விதியுண்டாலே?" என்றார் சவம். இல்லை. சீலை சட்டப்படி பழசானது. அக்கா பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. பாட்டா மறுநாள் நீலக்கோடு போட்ட கொழும்புச் சட்டையோடு சாயாக்கடையில் போய் உட்கார்ந்தார். ஒட்டுப்போட்ட துணியோடு இருந்த ஊர் அவரைப் பார்த்தது.

"என்ன பாட்டா, சட்டை மினுங்குது?"

"செத்துட்டேம்லே" என்றார் பாட்டா, சாயாவை ஊதிக்கொண்டு.

முதலில் செத்தவர் சத்தியநேசன் அண்ணன், குடும்பத்தோடு. அப்புறம் மேலத்தெரு முழுவதும். ஞானசிங் மாமா சாயங்காலந்தோறும் மேஜை போட்டு உட்கார்ந்து சாவுகளை அனுமதித்தார். வழியில் பார்க்கிறவர்கள் நலம் விசாரிப்பதே மாறிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, செத்தாச்சா?"

"இல்ல. பகவதியப்பன் கடையில புதுச் சரக்கு வரட்டும்னு பாக்கேன்."

தக்கலைச் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் பகவதியப்பன், எங்கள் ஊரில் ஏதோ கொள்ளைநோய் என்று முதலில் வருத்தப்பட்டாராம். பிறகு வருத்தம் தீர்ந்துவிட்டது.

உபதலைவர் என்பதால் அப்பா ஒரு வாரம் உயிரோடு தாக்குப்பிடித்தார். மகள் கல்யாணத்துக்குக் கிழிந்த முண்டோடு நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை, செத்தார். "அவரு போனதுக்குப் பொறவு எனக்கு என்ன இருக்கு" என்று அம்மாவும் செத்து, ஊதாக் கலரில் ஒரு சீலை எடுத்தாள். கடைசியாக ஞானசிங் மாமா தன் சாவைத் தானே அனுமதித்துக்கொண்டார். மாமியின் தொந்தரவு.

"ஏட்டி, நீ எப்பம்மா சாவப்போற?" என்று அம்மா என் தலையைத் தடவிக் கேட்டாள்.

"நான் உயிரோடதான் இருக்கேன். பாவாடைக்காகப் பொய் சொல்ல மாட்டேன்."

"இதெல்லாம் பொய்யில்ல மக்கா. தீர்மானம்."

நான் சாகவில்லை. கல்யாணத்தன்று அக்கா 'பழைய' பட்டில் ஜொலித்தாள். அவளையும் என்னையும் தவிர ஊரில் எல்லாரும் காலமாகியிருந்தார்கள். இத்தனை அழகான சாவை நான் பார்த்ததில்லை. வேதக்கோயில் வாசலில் பலூன் கைகள் ஒன்றோடொன்று மோதின. என் பாவாடையில் மட்டும் வேறு வேறு கலரில் ஒட்டு.

மாப்பிள்ளையின் அம்மா வண்டியை விட்டு இறங்கினாள். ஒரு சுற்றுப் பார்த்தாள். "விலக்குச் சங்கம்னு கேள்விப்பட்டேன். எல்லாரும் புதுசா நிக்காவளே?"

என் வாய் சும்மா இருக்குமா? "இவங்க யாரும் உயிரோட இல்ல மாமி. செத்தவங்க வாங்கலாம்."

"யாரு யாரு செத்தாவ?"

"எல்லாரும்."

"உன் அப்பா?"

"ஆடியிலயே."

"அம்மை?"

"அதே வாரம்."

அவள் கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மகனைக் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தாள். "அப்பனும் அம்மையும் அடுத்தடுத்துப் போன வீட்டுல, துக்கம் ஆறுமுன்னே கல்யாணமா? ஊரே செத்துக்கெடக்கு, எவன் வாழ்த்துவான்? ஒரு வருஷம் கழியட்டும். அதுக்குப் பொறவு பாக்கலாம். வா மக்கா."

அக்கா மயங்கி என்மேல் சாய்ந்தாள். அப்பா ஞானசிங் மாமாவின் காலைப் பிடிக்காத குறை. "அண்ணாச்சி, எங்களுக்கு உசிரக் குடும்!"

மாமா குழம்பிப்போனார். செத்தவர்களாக இருந்தால் கல்யாணம் இல்லை. உயிரோடு வந்தால் எல்லார் உடம்பிலும் புதுத்துணி; அண்டா இல்லை, பந்தல் இல்லை. போதகர் உள்ளே மணி அடிக்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு காலை வண்டியில் வைத்துவிட்டாள். கடைசியில் மாமா படியில் ஏறி நின்று முழங்கினார்:

"சங்கம் வழங்கிய மரணத்தைச் சங்கமே ரத்து செய்கிறது! இனி எவருக்கும் மரணம் வழங்கப்பட மாட்டாது! மேலும், உயிர் திரும்பியவர்கள் உடுத்திருப்பது, இந்நிமிஷம்வரை இறந்தவர்கள் உடுத்தியது. இறந்தவர் உடுத்திய துணி பழைய துணியே என்று மாசி மாதமே தீர்ப்பாகியிருக்கிறது. ஆகவே மூணுபனைவிளையில் இவ்வருஷம் எவரும் புதுத்துணி உடுக்கவில்லை!"

ஜனம் ஆர்ப்பரித்தது. ஒரு நிமிஷத்தில் ஊர் முழுவதும் பிழைத்தது. மாப்பிள்ளையின் அம்மா வண்டியிலிருந்து காலை எடுத்தாள். கல்யாணம் நடந்தது. ஊர் அண்டாவில் பிரதமன் பாயசம் கொதித்தது.

பந்தலில் மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டாள். மணப்பெண்ணின் தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் சீலை போடுவது வழக்கம். பச்சைக் கரை வைத்த வெள்ளைச் சீலையை விரித்து, என் ஒட்டுப்போட்ட பாவாடைமேலேயே சுற்றிவிட்டாள். "என் மருமவளத் தவிர இந்த ஊருல உசிரோட இருந்தது நீ ஒருத்திதான்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சீலை நல்ல சீலை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிவப்புக் கச்சை வந்தது.

"இது யாராவது உடுத்ததா?"

"இல்ல. புதுசு" என்றேன். வேறென்ன சொல்ல?

"சீக்கிரமா செத்துரு ஏட்டி!" என்று அம்மா கிசுகிசுத்தாள். ஆனால் மரணம் ரத்தாகிவிட்டதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. ஊரில் விலக்கை மீறியது நான் ஒருத்திதான் என்று ருசுவானது. மீறினால் வீட்டுக்கே அண்டா கிடையாது என்பதை, மீறிய ஆளுக்கு மட்டும் கிடையாது என்று கருணையோடு திருத்தினார்கள். என் கல்யாணத்துக்கு ஊர் அண்டா இல்லை, பந்தல் இல்லை, ஆள் இல்லை. சிலுவைமுத்து பாட்டா கை தூக்கவில்லை. அவர் உயிரோடு திரும்பச் சம்மதிக்கவில்லை. அதனால் ஓட்டும் இல்லை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர், காலஞ்சென்று திரும்பிய என் அப்பா. வழிமொழிந்தவர், காலஞ்சென்று திரும்பிய என் அம்மா, அந்த ஊதாக் கலர்ச் சீலையோடு.