முதல் கூட்டத்தில் இருந்தவர்

உலகத்தில் ஸ்தாபகர் என்றொரு இனம் உண்டு. எதையாவது ஸ்தாபித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இந்த இனத்துக்குக் கிடையாது. எங்கேயோ நாலு பேர் கூடி ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கி, அது தட்டுத்தடுமாறி எழுந்து நின்று, பார்ப்பவர்கள் மெச்சுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டதா? போதும். அதுவரை எந்த மூலையில் இருந்தார் என்றே தெரியாத ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். பார்த்திருப்பீர்களே!

நம்முடைய ஸ்தாபகர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். வட்டாரத்து அரசுப் பள்ளிகளுக்குப் பெஞ்சும் புத்தகமும் வாங்கித் தருகிற அறக்கட்டளைக்கு வெள்ளிவிழா வருகிறது, அதன் வரலாற்றை யாராவது கூட்டத்தில் பேசலாமே என்று உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று மாலையே ஸ்தாபகர் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டார்.

"பிள்ளைங்க தரையில குந்தி எழுதுறதைப் பார்த்து மனசு பொறுக்காம, நாலு பேரைக் கூட்டினேன்..." என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்தது.

"அந்த முதல் கூட்டத்துக்குப் போனது நான்," என்றார் மனைவி, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நீங்க என்னைக் கூப்பிட வந்து, கேட்டுக்கு வெளியில நின்னு ஸ்கூட்டர் ஹாரனை அடிச்சுக்கிட்டே இருந்தீங்க."

"சீக்கிரம் ஒரு நல்ல முடிவுக்கு வரட்டும்னுதானே அடிச்சேன்!"

தலைமையாசிரியை சொன்ன கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. உண்மையில் அன்று பேச வேண்டிய விஷயம் அந்த நூலகத்தின் ஒழுகும் கூரைதான். "அதுக்கு முன்னால சின்னதா வரலாறு," என்று எழுந்த ஸ்தாபகர், மனிதன் எழுத்தைக் கண்டுபிடித்த காலத்தில் தொடங்கி, மெதுவாக நடந்து, முதல் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தபோது, அறக்கட்டளை உறுப்பினரான பல் டாக்டர் எழுந்துவிட்டார். "மன்னிக்கணும். பெஞ்சு யோசனை என்னோடது."

"உங்களுதா? அப்ப நீங்க இந்தப் பக்கம் குடியே வரலையே!"

"கூரையைப் பத்தி ஒரு முடிவு எடுத்துட்டு..." என்றார் தலைமையாசிரியை.

"இருங்கம்மா, வரலாறு தப்பாப் போயிடக் கூடாது!" என்றனர் இருவரும். அன்று அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

வெளியே வானம் இருட்டியதை யாரும் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. முதலில் டாக்டரின் வழுக்கையில் ஒரு சொட்டு. அப்புறம் அலமாரி மேல் தாரையாகக் கொட்டியது. தலைமையாசிரியை ஓடிப்போய்ப் புத்தகங்களை உருவத் தொடங்கினார். ஸ்தாபகர் கைக்கு வந்தது ஒரு படப்புத்தகம். யானையின் நீலம் கரைந்து அவர் விரலில் வழிந்தது. அட்டையில் கோணல் எழுத்தில், "யாரும் கிழிக்காதீங்க, நான் இன்னும் முடிக்கல" என்று எந்தக் குழந்தையோ எழுதியிருந்தது.

வரலாற்றை அப்படியே விட்டார். இஸ்திரிச் சட்டையைக் கழற்றிப் புத்தகக் கட்டின் மேல் போர்த்தி, பனியனோடு தாழ்வாரத்துக்கு ஓடினார். திரும்பி வந்தார், மறுபடி ஓடினார். மூச்சு வாங்க அவர் நீட்டியதையெல்லாம் டாக்டர் மறுமுனையில் வாங்கி அடுக்கினார். யார் முதலில் தூக்கியது என்று யாரும் கேட்கவில்லை. கூரைக்கான முடிவு, எல்லோரும் நனைந்த கோழிகளாய் நின்றபடியே, ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் எடுக்கப்பட்டது.

வெள்ளிவிழா புதுக் கூரையின் கீழ் நடந்தது. "சார் மட்டும் அன்னைக்கு இல்லேன்னா பாதிப் புத்தகம் போயிருக்கும்," என்று தலைமையாசிரியை நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. ஸ்தாபகருக்கோ கூச்சம் தாங்கவில்லை. எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அது என்னம்மா பெரிய விஷயம், விடுங்க. முதல் கூட்டத்தை நான் எப்படிக் கூட்டினேன்னா..."

தன் வாழ்நாளில் அறக்கட்டளைக்காக அவர் நிஜமாகவே செய்த ஒரே காரியம் இப்படித்தான் வரலாற்றில் ஏறாமல் போனது. முன்வரிசையில் மனைவி கூரையைப் பார்த்தார். ஒழுகவில்லை.

சிரித்துவிட்டீர்கள், சந்தோஷம். ஆனால் 'இந்த மாதிரி ஆளைப் பத்தி எழுதணும்னு எனக்குத்தான் முதல்ல தோணிச்சு' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நாக்கு துறுதுறுக்கிறதா? கூச்சப்படாமல் சொல்லுங்கள், ஸ்தாபகரே.