எக்ஸ்ரே சார் வளர்த்த நாய்

திருவண்ணாமலையில் முதுகு வலிக்காரர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் முதுகு வலியை ஒரு உத்தியோகமாகவே பார்த்தவர் எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் ஒருவர்தான். ஹெட்கிளார்க் வேலையை ஒழிந்த நேரத்தில் பார்த்துக்கொள்வார். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோதே அவருக்கு எக்ஸ்ரே சார் என்றுதான் பெயர். சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் மறப்பார், எக்ஸ்ரே படம் இருக்கும் பழுப்புக் கவரை மறக்கமாட்டார். மனு கொடுக்க வந்தவரை ஜன்னலோரம் நிறுத்தி, வெளிச்சத்தில் படத்தைக் காட்டிவிட்டுத்தான் மனுவை வாங்குவார்.

அவருக்கு வலியைவிட வலிக்கான காரணம் முக்கியம். வேலூரில் ஒரு டாக்டர் டிஸ்க் விலகியிருக்கிறது என்றார். அன்றிலிருந்து தளும்பும் குடத்தைச் சுமப்பவர் போல நடந்தார். பேனா விழுந்தால் குனியமாட்டார், பியூனைக் கூப்பிடுவார். பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பார். பிறகு செங்கம் ரோட்டில் ஒரு நாட்டு வைத்தியர் எல்லாம் வாயு என்றார். உடனே டிஸ்க்கை மறந்துவிட்டு உருளைக்கிழங்கைப் பகைத்துக்கொண்டார். ஃபைலுக்கு ஒரு கையெழுத்து, ஒரு ஏப்பம். ஜோசியர் சனி என்று சொன்னதும் மேஜையை வடக்குப் பார்த்துத் திருப்பினார். அவருக்காக ஆபீஸில் மற்ற ஐந்து மேஜைகளும் திரும்ப வேண்டியதாயிற்று.

புதுக் காரணம் கிடைத்தால் ஒரு மாதம் வலி கம்மி. காரணம் பழசானதும் மறுபடி ஜாஸ்தி. ஒரே ஒரு டாக்டர் மட்டும், "ஒண்ணுமில்ல சார், போய் வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அவரை எதிரில் கண்டால் சார் தெரு மாறிப் போவார்.

நாங்கள் சிரித்தோம். அவர் மனைவி சரோஜா அக்கா சிரிக்கவில்லை. கணவரோடு ஒரு தடவையாவது மலை சுற்றி வரவேண்டும் என்பது அவர் ஆசை. ஏழு வருஷமாகப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு வலி போவட்டும், சேர்ந்து போலாம்னு இருந்தேம்பா. இப்ப எனக்கே முட்டி பிடிக்க ஆரம்பிச்சிடுச்சி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதுவரை சிரித்ததற்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு லேடி டாக்டரிடம் நானே சாரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவரில் போட்டார்.

"வலி நிஜம்தான் சார். ஆனா முதுகு கெட்டுப்போகல. உங்க வீட்ல நாய் இருக்கா?"

"இல்லீங்க."

"இருக்குன்னு வெச்சிக்கங்க. ஒரு தடவ திருடன் வந்தான், குரைச்சிது. திருடன் போயிட்டான். இப்ப பால்காரர் வந்தாலும் குரைக்குது. உங்க முதுகும் அப்படித்தான். குரைக்குதேன்னு வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டா அது எப்பத்தான் பழகும்? தினம் கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போங்க."

வேறு யாராக இருந்தாலும் ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். சார் மறுநாளே அதற்கு மணி என்று பெயர் வைத்துவிட்டார். அலமாரியில் கை வைக்கும்போது, "சும்மா இரு மணி, ஃபைலுதான்" என்பார். மேலதிகாரி தணிக்கைக்கு வந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தபோது, "டேய், வாய மூடு!" என்று தன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தணிக்கை அன்று சீக்கிரமே முடிந்தது. சாயங்காலமானால் மணியை நடத்திக் கூட்டிப் போவார். முதல் வாரம் தெருக்கோடி, அப்புறம் தேரடி, அப்புறம் பஸ் ஸ்டாண்டு.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனும் மனைவியும் மலை சுற்றக் கிளம்பினார்கள். ஆபீஸே கூடப் போயிற்று.

"குரைக்குதா சார்?" என்று கேட்டேன்.

"குரைச்சிக்கினேதான் வருது. வரட்டும்."

அடி அண்ணாமலை தாண்டியதும் சரோஜா அக்கா சட்டென்று நின்றார். வெறும் காலில் முள். நாங்கள் ஓடுவதற்குள் சார் தரையில் மடங்கி உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் வைத்து, நகத்தாலேயே முள்ளைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"ஐயய்யோ, குனிஞ்சுட்டேன்! சரோஜா, நான் குனிஞ்சுட்டேன்!"

"குனிஞ்சது போதும், ஏந்திருங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்று அக்கா கையை நீட்டினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் நிறைந்திருந்தது.

அந்தக் கையைப் பிடித்து எழுந்தவர் கோயில் வரும்வரை அதை விடவேயில்லை. பின்னால் வந்த நாங்கள் யாரும் கிண்டல் செய்யவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முதுகு வலிக்குமே என்று விட்டுவிட்டேன்.